கூடாரத்தின் நிறையும் வியாபாரியின் தராசும்



பயணப் பை, மழைக்கோட்டு விற்கும் நம்மவர் கடைகள் சிலவற்றில் இப்போது சிறு கூடாரங்களும் தொங்குகின்றன. நக்கிள்ஸ் மலைப் பக்கம் முதுகில் பையைச் சுமந்து நடந்து போகும் இளைஞர்கள்தான் இவற்றைத் தேடி வருகிறார்கள். பொருள் நமக்குப் புதிது. அதில் இருக்கும் சோதனை மிகப் பழையது.

நானும் சில கூடாரங்களை எடுத்து வைத்திருந்தேன். "இரண்டு பேருக்கு, 1.9 கிலோ, மழை புகாது" என்று உறையில் இருந்ததை அப்படியே வாயால் ஒப்புவித்து ஒன்றை விற்றேன். அடுத்த வாரம் வாங்கிய இரண்டு பொடியன்மாரும் திரும்பி வந்தார்கள். "நானா, ராவெல்லாம் நனஞ்சுதான் கிடந்தோம்" என்றார்கள். சண்டை பிடிக்கவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் வெட்கமாகிப் போனது. கூடாரத்தைத் தராசில் வைத்தேன்: 2.2 கிலோ. விரித்துப் பார்த்தேன்: மேல்துணியின் தையல்களுக்கு உட்புறம் நாடா ஒட்டப்படவேயில்லை. ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் மலைக்காற்றில் நனைந்தவனுக்கு உடற்சூடு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதை எந்தக் காசால் திருப்பிக் கொடுப்பது?

அதன் பிறகு விசாரித்தும் சோதித்தும் அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நிறை. தயாரிப்பாளர்களில் பலர் இரண்டு நிறைகள் சொல்வார்கள். ஒன்று உள்கூடாரம், மேல்துணி, கம்பிகள் மட்டும். மற்றது முளைகள், கயிறுகள், பைகள் எல்லாம் சேர்ந்தது. பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் குறைந்த நிறைதான். நாம் அரிசி விற்கும்போது சாக்கின் நிறையைக் கழிக்கிறோம். கூடாரத்திலோ சாக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏனெனில் வாங்குபவர் அதையும் சுமந்துதான் மலை ஏறுகிறார்.

ஒரு கிலோவுக்குக் கீழேயும் இரண்டு பேர் கூடாரம் உண்டு. துணி மிக மெல்லியது, விலை பல மடங்கு. பல நாட்கள் தொடர்ந்து நடப்பவருக்கு அது பொருந்தும். ஓரிரு இரவு தங்குபவருக்கு 2 கிலோ அளவில் உள்ளது போதும். ஒருவர் உள்கூடாரத்தையும் மற்றவர் மேல்துணியையும் கம்பிகளையும் எடுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் வரும். இதைச் சொல்லிக் கொடுத்தால் வாடிக்கையாளர் வீண்செலவு செய்யமாட்டார்.

இரண்டாவது, அளவு. "இரண்டு பேர்" என்பது தோளோடு தோள் உரச இரண்டு பேர். படுக்கும் பாய் ஒன்றின் அகலம் சாதாரணமாக 51 சென்ரிமீற்றர். இரண்டுக்கு 102. கூடாரத்தின் அகலம் 130 இருந்தால் மிச்சம் 28 மட்டுமே. சில கூடாரங்கள் கால் பக்கம் இன்னும் ஒடுங்கும். கடைத்தரையில் சோக்கட்டியால் அந்த அளவைக் கீறி, இருவரையும் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, மழை. துணியில் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணி கசியத் தொடங்குமுன் எவ்வளவு உயரமான நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதே அந்தக் கணக்கு. ஆனால் அது துணியின் கணக்கு, தையலின் கணக்கு அல்ல. ஒவ்வொரு லொட்டிலும் ஒன்றைப் பின்வளவில் கட்டி, உள்ளே பத்திரிகைத் தாள் விரித்து, அரை மணி நேரம் குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். தாள் உண்மையைச் சொல்லும்.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இரண்டு பேரின் மூச்சு இரவில் குளிர்ந்த துணியில் பட்டு நீராகும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அது ஆளின் மேலேயே சொட்டும். நமது மலைநாட்டு ஈரக்காற்றுக்கு உள்ளே வலை, வெளியே தனி மேல்துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதே நல்லது. நுளம்புக்கும் அட்டைக்கும் அதுவே காவல். கம்பி அலுமினியமாக இருக்கட்டும். பைபர் கிளாஸ் மலிவு, ஆனால் நிறை கூட. காற்றில் சிலும்பாகப் பிளந்து கையையும் குத்தும்.

நான்காவது நமக்கே உரியது. பெரும்பாலான கூடாரத் துணிகளின் உட்புறம் பொலியுரித்தேன் பூச்சு உண்டு. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது உறையில் இருக்கும்போதே சிதையும். பிசுபிசுக்கும், துர்நாற்றம் வீசும், பின் தோலாக உரியும். தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்கில் கிடந்த சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விற்காதீர்கள். வாங்குபவரிடமும், வீட்டுக்குப் போனதும் நிழலில் காயவைத்தே மடிக்கும்படி சொல்லுங்கள். நக்கிள்ஸில் தங்க வனத் திணைக்களத்தின் அனுமதியும், ஹோர்ட்டன் சமவெளியில் தங்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் நாம் அறிந்ததே. மழை பட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பாடம். நான் விற்ற கூடாரத்திலும் குறை மடிப்புக்குள் மறைந்திருந்தது. எனக்குத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதும் உண்மை.

இப்போது எனது கடையில் ஒவ்வொரு கூடாரத்திலும் சிறு சிட்டை தொங்குகிறது. நமது தராசில் நிறுத்த முழு நிறை, உள் அகலம், தண்ணீர் அடித்துப் பார்த்த திகதி, இருக்கும் குறை. குறையைப் படித்துவிட்டுச் சிலர் வாங்காமல் போகிறார்கள். வேறு சிலர் அந்தச் சிட்டையைப் பார்த்தே நண்பர்களை அழைத்து வருகிறார்கள். ரிஸ்க்கை அளப்பவன் அல்லாஹ். நமது பொறுப்பு தராசை நேராகப் பிடிப்பது மட்டுமே.