சதுரங்கத் தரப்புள்ளியும் அதன் மெய்ம்மையும்

ஊவா மலைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும் தராசு பிழைபடின், பறித்தவளின் உழைப்பே குறைந்து தோன்றும். சதுரங்கம் ஆடுவோரின் ஆற்றலை அளக்கும் தரப்புள்ளியும் அத்தகையதே. பெரும் போட்டிகளில் இடம்பெறுதலும் எதிராளியர் வரிசைப்படுதலும் அதனைப் பற்றி நிற்றலின், அது மெய்யாயிருத்தல் இன்றியமையாதது.

இம்முறையை வகுத்தவர், அங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பௌதிகவியற் பேராசிரியராய் விளங்கிய ஆர்ப்பாட் ஈலோ (1903–1992) என்பார். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனமாகிய ஃபிடே 1970இல் இதனை ஏற்றது. இஃது வெற்றிகளை எண்ணுவதன்று. எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்குமுள்ள வேறுபாட்டை அளப்பது. 1600 புள்ளியுடையான் 1400 புள்ளியுடையானோடு ஆடின், முன்னவன்பால் எதிர்பார்க்கப்படுவது 0.76 பங்கு வெற்றி. பெருக்கெண் 20 ஆயின், வென்றால் அவன் பெறுவது 4.8 புள்ளியே, தோற்பின் 15.2 புள்ளியை இழப்பான்.

கணிதம் செம்மையாயினும், பிழை இரு வழியாற் புகும். முதலாவது, பெயர். தமிழர் பலர்க்குக் குடும்பப்பெயர் வழக்கின்று. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். ஒரே பெயர் ஆங்கிலத்திற் பலவாறு எழுதப்படுவதுமுண்டு. பதுளையில் ஒருவிதமாகவும் கொழும்பில் வேறுவிதமாகவும் பதியப்பட்ட மாணவன், ஏட்டில் இருவராய்ப் பிரிந்துவிடக்கூடும். இதற்குக் காப்பு, ஃபிடே ஒவ்வொருவர்க்கும் வழங்கும் தனி அடையாள எண்.

இரண்டாவது, அடைபட்ட வட்டம். அமெரிக்காவின் வர்ஜீனியாச் சிறையிலிருந்த குளோட் பிளட்குட் என்பவர், உடன் கைதிகளோடு ஆடியே 1996இல் அந்நாட்டுப் பட்டியலில் 2702 புள்ளியுடன் இரண்டாமிடத்திற் காணப்பட்டார். இதன் மறுதலையும் உண்டு. வளரும் சிறுவர் தம்முள்ளேயே ஆடின், ஒருவன் பெறுவது மற்றவன் இழப்பதேயாம். அனைவரும் திறம்பெறினும் புள்ளி உயராது. இத்தகைய தாழ்வை ஈடுசெய்யவே 2024 மார்ச்சு மாதத்தில் ஃபிடே, 2000க்குக் கீழ்ப்பட்டோர்க்கு அவர்தம் குறையில் ஐந்திலிரு பங்கைக் கூட்டியது. 1500 உடையார் 1700 ஆயினர்.

எனினும், ஒருமுறை செய்யும் திருத்தம் என்றும் போதாது. பசறை, லுணுகலைத் தோட்டப் பிள்ளைகள் தம்முள் மாத்திரம் ஆடுவராயின், அவர்தம் எண் அவர்தம் ஆற்றலைக் காட்டாது. பண்டாரவளைக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் அவர்கள் சென்று பிறரோடு ஆடவேண்டும். போட்டி நடத்துவோர் பெயரை மட்டுமன்றி அடையாள எண்ணையும் பதிந்து, முடிவுகளைக் காலந்தாழ்த்தாது அனுப்பவேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் வெளியாகும் பட்டியலை ஒப்புநோக்கிப் பிழையை உடன் தெரிவித்தல் நன்று. இவை சிறு செயல்களே. ஆயினும் மலையகத்து மாணவன் தன் தகுதிக்கேற்ற ஆசனத்தில் அமர்வதற்கு இவையே வழியாம்.