கண்ணுக்குள் ஊசியா? பயம் வேண்டாம்!



போன மாதம் எங்கள் தாத்தாவுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. துணைக்குப் போனவன் நான்தான். அங்கே பார்த்ததையும், டாக்டரிடம் கேட்டதையும், நூலகத்தில் படித்ததையும் உங்களுக்காக எழுதுகிறேன்.

தாத்தா திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். 1961-இல் தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பின் போது சின்னப் பையன். அந்தக் கதையை இன்றைக்கும் விடிய விடியச் சொல்வார். அப்படிப்பட்டவர், ஆபரேஷன் என்றதும் நடுங்கிவிட்டார்.

"ஏலே, எட்டுப் பாகம் தண்ணிக்குள்ள போனவன் நான். சுறாவைப் பார்த்தும் பயந்ததில்ல. ஆனா கண்ணு முழியில ஊசி குத்துவாங்களாம்லே, அது முடியாது!" என்றார்.

உண்மையில் ஊசி கண் முழியில் குத்தப்படுவதே இல்லை. அப்படியானால் எங்கே? வாருங்கள், பார்ப்போம்.

மரத்துப்போவது எப்படி?

வலி என்பது நரம்பு வழியாக மூளைக்குப் போகும் ஒரு செய்தி. சோடியம் அயனிகள் நரம்புக்குள் நுழைவதால்தான் அந்தச் செய்தி நகர்கிறது. லிக்னோகைன் போன்ற மருந்து அந்த நுழைவாசலை அடைத்துவிடும். ரயில்வே கேட்டை மூடினால் இந்தப் பக்கத்து லாரி அந்தப் பக்கம் போகாது இல்லையா? அது போலத்தான். மருந்தின் வேகம் குறைந்ததும் கேட் தானாகத் திறந்துகொள்ளும். ஆளுக்கு மயக்கம் வராது. பேசலாம், கேட்கலாம்.

கொஞ்சம் வரலாறு

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 - 1832) காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் மரத்துப்போகும் சொட்டு மருந்து உலகில் எங்குமே கிடையாது. கண்ணில் கத்தி வைத்தால் நோயாளி வலியைத் தாங்கித்தான் ஆகவேண்டும்.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கோக்கைன் கரைசலை முதலில் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தன் கண்ணிலேயே விட்டு, குண்டூசித் தலையால் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை! கோக்கைன் போதை தரும் பொருள், கண்ணின் மேல்பரப்பையும் கெடுக்கும். அதனால் வேறு மருந்துகளைத் தேடினார்கள். 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகைன்தான் இன்றுவரை பயன்படுகிறது.

நான்கு முறைகள்

கண் முழிக்குப் பின்னால் தசைகள் ஐஸ்கிரீம் கோன் போலக் கூம்பாக அமைந்திருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் எல்லாம் எளிது.

1. கூம்புக்குள் போடும் ஊசி: இதுதான் பழைய முறை. கீழ் இமையின் வெளி ஓரத்தில் குத்தி, முழிக்கு அடியில் கொண்டுபோய் கூம்புக்குள் மருந்தை விடுவார்கள். சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் பார்வை நரம்பும் ரத்தக் குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. அபூர்வமாக ரத்தம் கட்டலாம், முழியில் ஊசி படலாம்.

2. கூம்புக்கு வெளியே போடும் ஊசி: 1980-களில் பரவிய முறை. ஊசி ஆழமாகப் போவதில்லை, அதனால் ஆபத்து குறைவு. மருந்து ஊறி உள்ளே போகவேண்டும் என்பதால் அளவு கூடுதல், நேரமும் கூடுதல். மருந்து நன்றாகப் பரவ ஹயலூரானிடேஸ் என்ற நொதியையும் சேர்ப்பார்கள்.

3. மழுங்கிய குழாய் முறை: 1990-களில் பரவியது. முதலில் சொட்டு மருந்தால் மரக்க வைத்து, வெள்ளை முழியின் மேல்தோலில் மிகச் சிறிதாகக் கத்தரித்து, வளைந்த மொட்டைக் குழாய் வழியாக மருந்தை விடுவார்கள். கூர்மையான ஊசியே கிடையாது.

4. சொட்டு மருந்து மட்டும்: சிறிய துளை வழியே செய்யும் 'பேகோ' முறைக்கு இதுவே பலருக்குப் போதும். ஆனால் கண் அசையும். டாக்டர் சொல்கிறபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் அசையாமல் படுக்க மாட்டார்கள். அதனால் அவர்களுக்குப் பொதுவாக முழு மயக்கம்தான் கொடுப்பார்கள்.

தாத்தா மறைத்த விஷயம்

இனிதான் முக்கியமான விஷயம். தாத்தா நெஞ்சு வலிக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். நர்ஸ் அக்கா, "தாத்தா, வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். என் கையை வேறு அழுத்தினார், பேசாதே என்று.

எனக்குப் பெரிய சங்கடம். தாத்தா பேச்சை மீறுவதா? ஆனாலும் மனது கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். தாத்தா என்னை முறைத்தார் பாருங்கள்!

டாக்டர் வந்து, "நல்ல வேளை சொன்னே, தம்பி. ஐயா, மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனா கூர் ஊசி போட்டா உள்ள ரத்தம் கட்ட வாய்ப்பு இருக்கு. உங்க புரை ரொம்ப முத்தினது, வெறும் சொட்டு மருந்து போதாது. மழுங்கின குழாயிலயே போட்டுருவோம்" என்றார். திருப்பி அனுப்பவில்லை!

இன்னொன்றும் சொன்னார். "மூச்சை மட்டும் அடக்காதீங்க. அடக்கினா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். இருமல் வந்தா முன்னாடியே சொல்லுங்க." வாழ்நாள் முழுக்க மூச்சை அடக்கியே பிழைத்தவருக்கு இப்படி ஒரு கட்டளை! தாத்தாவே சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும், "வலிச்சுதா தாத்தா?" என்று கேட்டேன். "தொட்டது தெரிஞ்சுது, வலி தெரியல. கடலுக்கு அடியில இருந்து மேல பார்த்தா வெளிச்சம் ஆடுமே, அப்படி இருந்துச்சுலே" என்றார். மறுநாள் கட்டுப் பிரித்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார். "முறைச்சுட்டேன்லா, மனசுல வச்சுக்கிடாத" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம்ம ஊர் பெருமை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி (1918 - 2006), எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவரை மரக்க வைத்துத் தயாராகப் படுக்க வைப்பது அங்கே வழக்கம். முழு மயக்கம் தேவையில்லை என்பதால்தான் ஒரே நாளில் இத்தனை ஏழைகளுக்குப் பார்வை கொடுக்க முடிகிறது.

நினைவில் வையுங்கள்

* சாப்பிடும் மாத்திரை எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.
* இருமல், காது கேளாமை, கை நடுக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.
* ஊசிக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள், நண்பர்களே.

- 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்