வரைபலகை – 9: இழுத்த எழுத்து

டிடிபி வேலை பழகிய முதல் வருடம், ஒரு பாத்திரக் கடைக்கு இரண்டடி அகல போர்டு செய்தேன். எழுத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சிவப்பு அவுட்லைன். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. “இதையே விசிட்டிங் கார்டுலயும் போட்டுடுங்க தம்பி” என்றார். கோரல்டிராவில் மூலையைப் பிடித்துச் சுருக்கி, அதே அவசரத்தில் அச்சுக்கும் அனுப்பிவிட்டேன்.

ஆயிரம் கார்டு வந்தது. எழுத்து சுருங்கியிருந்தது, அவுட்லைன் அதே ஒரு மில்லிமீட்டர். சுழிகளெல்லாம் சிவப்பில் அடைபட்டுக் கிடந்தன. கார்டைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தவர், “இது யார் கடைங்க தம்பி?” என்றார்.

அவுட்லைன் பெட்டியில் ‘ஸ்கேல் வித் இமேஜ்’ என்ற கட்டத்தில் நான் டிக் போட்டிருக்கவில்லை. எழுத்தின் உருவை வரைகிற பெசியே வளைவைப் போன வாரம் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு துண்டுக்கு நான்கு புள்ளிகள்: இரண்டு முனை, இரண்டு கைப்பிடி. மென்பொருள் இடம் மாற்றுவது இந்தப் புள்ளிகளைத்தான். அவுட்லைனின் தடிமன் அவற்றில் சேராது, தனியே குறித்துவைத்த ஓர் அளவு அது. அடுத்த முறை கன்ட்ரோல் ஷிஃப்ட் க்யூ அழுத்தி அவுட்லைனையே வடிவமாக்கிவிட்டுத்தான் சுருக்கினேன்.

நகர்த்துவது, சுழற்றுவது, பெரிதாக்குவது, சாய்ப்பது என்று நமக்கு நான்கு வேலை. மென்பொருளுக்கு ஒரே வேலை, ஆறே எண்கள். புள்ளியின் கிடை அளவையும் நெடு அளவையும் அவற்றால் பெருக்கிக் கூட்டினால் புதிய இடம் கிடைத்துவிடும். 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்டிலும் இந்த ஆறுதான், இன்றைய எஸ்விஜி கோப்பிலும் இந்த ஆறுதான். வளைவு முழுவதையும் தொட வேண்டியதில்லை. நான்கு புள்ளிகளை மாற்றினால் மிச்சமெல்லாம் பிசகாமல் கூட வரும். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், இணைகோடுகள் இணையாகவே இருக்கும். கணக்கு அவ்வளவு சுத்தம்.

கணக்கு சுத்தமாக இருந்தால் எழுத்தும் அழகாக இருக்கும் என்று யார் சொன்னது? ஃபிளெக்ஸில் இடம் மிச்சமிருக்கிறது என்று பெயரைப் பக்கவாட்டில் இரண்டு மடங்கு இழுப்பார்கள். ‘ம’வின் நிமிர்ந்த கோடுகள் இரண்டு மடங்கு தடித்துவிடும், படுக்கைக் கோடு பழைய மெலிவிலேயே நிற்கும். ‘ண’வின் சுழிகள் அமுக்கிய முட்டையாகிவிடும். எழுத்துருவை வடிவமைத்தவர் பார்த்துப் பார்த்து வைத்த தடிமன் விகிதம் ஒரே இழுப்பில் போய்விடும். அகல எழுத்து வேண்டுமென்றால் அகலமாகவே வரைந்த எழுத்துருவைத் தேட வேண்டும். தமிழில் அப்படிப்பட்டவை குறைவு என்பதும் உண்மைதான்.

என்வலப் வேறு சாதி. காதணி விழா பேனரில் தலைப்பு வளைவாகக் குவிந்து நிற்குமே, அதுதான். எழுத்தைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத உறை, உறையை வளைத்தால் உள்ளிருப்பதும் வளையும். இங்கே ஆறு எண்கள் போதாது, இடத்துக்கு இடம் நீட்சி மாறும். நேர்கோடு வளைகோடாகும். பழைய நான்கு புள்ளிகளை மட்டும் மாற்றினால் வளைவு சரியாக வராது, மென்பொருள் புதுப் புள்ளிகளை நுழைக்கும். பத்துப் புள்ளியில் இருந்த எழுத்து கொசு மொய்த்த மாதிரி ஆகிவிடும். பிறகு ஒரு சுழியைக் கையால் திருத்தப் போனால் விடிந்துவிடும்.

பாதிப் பேர் கேட்பது என்வலப் அல்ல, வளைவான வரி மட்டுமே. அதற்கு ‘ஃபிட் டெக்ஸ்ட் டு பாத்’ போதும். ஒவ்வோர் எழுத்தும் கோட்டின் மேல் திரும்பி உட்காரும், அதன் உருவம் கெடாது. என்வலப்தான் வேண்டுமென்றால் முதலில் நகல் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ‘கிளியர் என்வலப்’ போட்டால் பழைய எழுத்து திரும்ப வரும். கன்ட்ரோல் க்யூ அழுத்தி வளைவாக மாற்றிக் கோப்பையும் மூடிவிட்டால் வராது.

(தொடரும்)