பிரெஞ்சு வினைத்திரிபில் எழுத்தும் ஒலியும்

பிரெஞ்சு மொழியில் ‘பேசுதல்’ எனப் பொருள்படும் ‘பார்லே’ என்னும் வினை, நிகழ்காலத்தில் எழுத்தளவில் ஐந்து வடிவங்களாகத் திரிகிறது. செவிக்கு எட்டுவன மூன்றே. தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளும் படர்க்கைப் பன்மையும் ‘பார்ல்’ என்றே ஒலிக்கின்றன. பேச்சுவழக்கில் ‘நாம்’ என்னும் பொருளில் ‘ஓன்’ வரும்போது தன்மைப் பன்மையும் அவ்வொலியையே பெறுகிறது.

‘பேசுகிறேன்’ என்பதில் விகுதியே இடம் உணர்த்துவதால் தமிழில் ‘நான்’ தோன்றா எழுவாயாகலாம். பிரெஞ்சில் விகுதியின் பணியை மூவிடப்பெயரே ஏற்பதால் அது மறைய இயலாது. ஆகவே, வினைவடிவங்களைத் தனித்து மனனம் செய்வது தமிழருக்குப் பயன் குறைந்த முறையே. மூவிடப்பெயரும் வினையும் ஒரு சொல்லெனச் செவிவழிப் பயிலத்தக்கவை.

அப்போதும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ ஆகிய இரண்டும் ‘இல் பார்ல்’ என்றே ஒலிக்கும். வினை உயிரொலியில் தொடங்கினால் மட்டும் பன்மைப்பெயரின் ஈற்றுமெய் ஒலிபெற்று எண்ணை வேறுபடுத்தும்.