வைரவர் திருவுருவமும் அதன் உட்பொருளும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஆலமரத்தின் கீழும், வயலோரத்திலும், ஒழுங்கை முடிவிலும் நாட்டப்பட்ட சூலங்களை நாம் காண்கின்றோம். அவை வைரவர் உறையும் இடங்கள். அவற்றுட் பலவற்றில் விமானமில்லை, மண்டபமில்லை. அந்தியில் ஏற்றப்படும் ஒரு விளக்கும், நேர்ந்துகொண்டோர் இடும் பொங்கலும் வடைமாலையுமே வழிபாடு. சைவபாடம் பயிலும் மாணாக்கர் சிலர், "வைரவர் சிவபெருமானா, அன்றிக் காவல் செய்யும் ஒரு சிறுதெய்வமா?" என வினவுவதுண்டு. படங்களிலோ அவர் ஆடையின்றி நிற்கின்றார், கையிற் கபாலம், பக்கத்தில் நாய். இவ்வுருவத்தைக் கண்டு அஞ்சுவாரும் உளர்; நாணுவாரும் உளர். அச்சமும் நாணமும் உருவத்தின் பொருளை அறியாமையால் விளைவன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

'பைரவ' என்னும் வடசொல்லே தமிழில் வைரவர் என்றும் வயிரவர் என்றும் வழங்குகின்றது. அச்சந் தருபவர் என்பது அதன் வெளிப்படையான பொருள். தந்திர நூலார் இதனை மூன்றெழுத்தாகப் பிரித்துப் பிறிதொரு பொருளுங் கூறுவர். முதலெழுத்து உலகைத் தாங்குதலையும், இரண்டாவது அதனை ஒடுக்குதலையும், மூன்றாவது அதனை வெளிப்படுத்துதலையும் குறிக்கும் என்பர். அங்ஙனமாயின், வைரவர் ஒரு சிறுதெய்வமல்லர். முத்தொழிலுக்கும் உரிய முதல்வரேயாவர்.

இனி, அவர் கையிற் கபாலம் வந்த வரலாற்றை நோக்குவோம். யானே பரம்பொருள் எனச் செருக்குற்ற பிரமனுக்கு அந்நாளில் ஐந்து தலைகள் இருந்தன. செருக்கு மொழிந்த ஐந்தாந் தலையைச் சிவபெருமானின் வைரவ மூர்த்தம் நகத்தாற் கிள்ளியது. சோழநாட்டுத் திருக்கண்டியூர் இச்செயல் நிகழ்ந்த வீரட்டத் தலமாகப் போற்றப்படுகின்றது. வடமொழிப் புராணங்கள் இதனோடு அமையவில்லை. கிள்ளிய தலை கையை விட்டு நீங்காது ஒட்டிக்கொண்டது, பிரமகத்தி பின்தொடர்ந்தது, அக்கபாலத்தையே பிச்சைப் பாத்திரமாக ஏந்தி வைரவர் உலகெங்குந் திரிந்து, ஈற்றிற் காசியை அடைந்தபோதே அது கையினின்றும் வீழ்ந்தது என அவை கூறும். வீழ்ந்த இடம் கபாலமோசனம் எனப்பட்டது.

இதன்கண் அமைந்த கருத்து ஆழமானது. தண்டித்தது நீதியே, எனினும் தண்டித்தவரும் அறத்தின் ஆணைக்குத் தம்மை உட்படுத்திக் கழுவாய் தேடினார். எல்லாம் வல்லவர்க்கு வினையுமில்லை, கழுவாயுமில்லை. உலகம் ஒழுகவேண்டிய நெறியைக் காட்டுதற்பொருட்டே அவர் இரந்து திரிந்தார் எனக் கொள்ளல் தகும். காசியில் இன்றும் காலபைரவரை அந்நகரின் கொத்தவால், அதாவது நகர்க் காவற்றலைவர், எனப் போற்றுகின்றனர். தன் செயலுக்குத் தானே கணக்குக் கொடுத்தவரிடங் காவல் ஒப்படைக்கப்பட்டமை எத்துணைப் பொருத்தமுடையது!

திருவுருவின் ஏனைய உறுப்புகளும் இவ்வாறே பொருள் பொதிந்தவை. ஆடையின்மை, மறைக்கவேண்டுவது யாதுமின்மையைக் குறிக்கும். நாயை வேதத்தின் வடிவென்பர். உறங்காது காக்கும் விழிப்பின் குறியென்பாரும் உளர். சூலத்தின் மூன்று நுனிகளும் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சத்திகள். ஆகவே மரத்தடியில் நட்ட சூலம், உருவம் அமைக்க வசதியற்றோர் வைத்த பதிலியன்று. தன்னளவில் நிறைவுடையதோர் அடையாளமேயாம்.

கபாலத்தின் பொருளை உணரும் முறையிற் காலந்தோறும் வேறுபாடு நிகழ்ந்தது. பண்டைக் காபாலிகர் மெய்யாகவே மண்டையோட்டை ஏந்தித் திரிந்தனர். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நகைநாடகம், காஞ்சியிற் கபாலத்தைத் தொலைத்துவிட்டு அதனைத் தேடி அலையும் ஒரு காபாலிகனைக் காட்டுகின்றது. காச்மீரத்திலோ இவ்வழிபாடு அகமுகமாகத் திரும்பிற்று. விஞ்ஞான பைரவம் என்னும் நூல் 112 தியான முறைகளைக் கூறுகின்றது. மூச்சு உட்சென்று மீளும் இடைவேளையையும் அது தியானத்துக்கு வாயிலாகக் கொள்ளும். அபிநவகுப்தர் கி.பி. 1000-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இந்நெறியைத் தந்திராலோகம் என்னும் பெருநூலில் விரித்துரைத்தார். அவர் கூறும் பைரவர் அறிவுமயமான பரம்பொருள். அந்நெறி அத்துவைதமாதலின் நமது சித்தாந்தத்தோடு முற்றும் ஒவ்வாது. ஆயினும், கபாலம் குறிப்பது புறத்தே கிடக்கும் ஓட்டையன்று, அகத்தே அறுக்கப்படவேண்டிய 'யான்' என்னும் செருக்கையே என்பதில் இருசாராரும் வேறுபடார்.

வழிபாட்டு முறைக்கு வருவோம். தேய்பிறை அட்டமி வைரவர்க்கு உகந்த நாள். சிவாலயங்களில் வடகீழ்த்திசையில் அவர் சந்நிதி அமையும். அர்த்தசாமப் பூசையின் முடிவில் வைரவர்க்குப் பூசை செய்து, கோயிற் றிறவுகோலை அவர் திருமுன் வைத்தல் மரபு. உச்சயினியிற் காலபைரவர்க்கு மது நிவேதிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நம் நாட்டிலும் ஊர்த்தெய்வங்கள் சிலவற்றின் முன் ஆடும் கோழியும் பலியிடும் வழக்கம் இருந்தது. ஆறுமுக நாவலர் (1822-1879) உயிர்ப்பலியை வன்மையாகக் கண்டித்தார்.

"உக்கிர மூர்த்திக்கு உதிரம் வேண்டாமா?" என வினவுவார்க்குச் சேக்கிழார் பாடிய சிறுத்தொண்டர் வரலாறே விடையாகும். திருச்செங்காட்டங்குடிக்கு வைரவக் கோலந் தாங்கி வந்த அடியவர் பிள்ளைக்கறி வேண்டினார். தந்தையும் தாயும் மனமொத்து அதனையும் சமைத்தனர். ஆனால் வந்தவர் அதனை உண்டாரல்லர். மைந்தனை அழைக்குமாறு பணித்தார், மைந்தன் ஓடிவந்தான், சமைத்த கறியும் மறைந்தது. கேட்டவர் விரும்பியது ஊனையன்று, 'எனது' என்னும் பற்றை விடுதலையே என்பது இதனாற் பெறப்படும். தன் பற்றை விடாதவன் பிறிதோர் உயிரின் உதிரத்தைச் சிந்துவது, தன் கடனைப் பிறன் பொருளாற் றீர்ப்பது போலாம்.

ஆகவே மாணாக்கர் வினாவுக்கு விடை இதுவே. வைரவர் சிவபெருமானே, அவர் காவல் செய்வதும் உண்மையே. அவர் காப்பது ஊரின் எல்லையை மட்டுமன்று. செருக்கு நுழையாதவாறு நம் உள்ளத்தின் வாயிலையுமாம். அடுத்தமுறை ஒழுங்கை முடிவிலுள்ள சூலத்தைக் கடக்கும்போது அஞ்சி விரையாது, சற்றே நின்று, நம்மிடம் உதிரவேண்டிய ஐந்தாந் தலை யாதென எண்ணிப் பார்ப்போமாக.