மலையேறவும் ஒரு பட்டமா?

காடுமேடு சுற்றவும் பட்டமா என்று நகைப்போர் உண்டு. நகைக்கட்டும்! பிரிட்டனில் எடின்பரோ பல்கலைக்கழகம் வெளிப்புறக் கல்விக்கும் இயற்கைவளம் பேணும் கல்விக்கும் சேர்த்து முதுகலைப் பட்டமே வழங்கியிருக்கிறது. மலையும் ஆறும் வகுப்பறை. மண்ணைக் கெடுக்காமல் வாழ்வது பாடம்.

நாம் கேட்பது வேறு. அந்த வகுப்பறைக் கதவைத் திறந்தவர் யார்?

அதே பிரிட்டனில் கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டுநிலம். சீமான்கள் அங்கே பறவை சுடலாம். ஆலைத் தொழிலாளி காலாற நடக்கக்கூடாது! 1932 ஏப்ரல் 24-இல் மான்செஸ்டர்ப் பகுதித் தோழர்கள் நூற்றுக்கணக்கில் தடை மீறி ஏறினர். ஐவருக்குச் சிறை! 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அந்த மேடும் பூங்காவுக்குள் வந்தது.

சிறைசென்று வேலியை உடைத்தவன் தொழிலாளி. இன்று கட்டணம் என்னும் புது வேலி போட்டு, அவன் பேரனை வெளியே நிறுத்துவதா?