உங்களுக்குத் தெரியுமா? பூனைக்காலியும் நடுக்கத்துக்கு மாத்திரையும்

◆ கல்வராயன் மலைப் பக்கம் போகும்போது, புதர்மேல் படர்ந்து பழுப்பு நெற்று தொங்கவிட்டிருக்கும் கொடியைக் கண்டால் கை வைத்துவிடாதீர்கள். பூனைக்காலி அது. நெற்றின் சுனை பட்டால் அரிப்பு தாங்காது. ஆனால் உள்ளே இருக்கும் விதையில்தான், நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதல் மருந்தான லெவோடோபா இருக்கிறது. நூறு கிராம் விதைக்கு 4 முதல் 6 கிராம் வரை!

◆ அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது நடுக்கத்துக்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் மருத்துவர் கோட்சியாஸ் அதை வாய்வழியாக அதிக அளவில் கொடுத்துப் பலன் கண்டது 1967இல்.

◆ அப்படியானால் விதைப் பொடியே போதுமே? போதாது. லெவோடோபா தனியாகப் போனால் பெரும்பகுதி மூளைக்குப் போய்ச் சேருமுன்னே உடம்பில் டோபமைனாக மாறி, குமட்டலும் வாந்தியும் படுத்தும். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கிறார்கள். பொடியில் அது இல்லை. ஒரு கரண்டியில் மருந்து எவ்வளவு என்ற கணக்கும் இல்லை. மாத்திரையோடு பொடியையும் சேர்த்து விழுங்கினால் அளவு எகிறிவிடும். பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

◆ வீட்டார் அதிகம் ஏமாறுவது மாத்திரையின் விளைவை நோய் என்று நினைத்துத்தான். சில வருடம் மாத்திரை சாப்பிட்டவர்களில் பலருக்குத் தோளும் கழுத்தும் தானாக நெளியும், கால் ஆடும். "நடுக்கம் கூடிடுச்சு" என்று இன்னொரு மாத்திரை கொடுப்பார்கள். பெரும்பாலும் அது நோயின் நடுக்கமல்ல, மருந்து உச்சத்தில் இருப்பதன் விளைவு. மருந்து இறங்கினால் வேறு மாதிரி: உடம்பு விறைக்கும், சட்டைப் பொத்தான் போட விரல் வராது, நடை தரையோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு எது வந்தது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். செல்போனில் வீடியோவும் எடுங்கள். டாக்டர் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, பிரித்துக் கொடுப்பதா என்று முடிவுசெய்ய இதைவிட நல்ல துணை இல்லை.

◆ பார்க்கின்சனுக்கே கொடுக்கும் வேறு மாத்திரைகளான பிரமிபெக்சோல், ரோபினிரோல் சாப்பிடுகிற சிலருக்குச் சூதாட்ட வெறியோ கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் ஆசையோ வரும். குணம் கெட்டுவிட்டதென்று திட்டாதீர்கள், பாவம். மருந்தின் வேலை அது. டாக்டர் அளவை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

◆ பருப்பு, முட்டை, கறியின் புரதம் லெவோடோபா ஏறுவதைத் தடுக்கும். குமட்டல் இல்லாதவர்கள் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம்.

◆ வாந்திக்கு ஊசி போடப் போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு, மூளைக்குத் தேவையான டோபமைனையே மறித்து விறைப்பைக் கூட்டும்.

◆ மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மலையில் இருப்பவர்கள் தீர்ந்த பிறகு கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கடைசி அட்டையைப் பிரிக்கும் அன்றே அடுத்த மாதத்துக்கு வாங்க ஆள் அனுப்பிவிடுங்கள்.